தாய்வீட்டுப் பெயரைப் பிடித்துக்கொண்டு: ஸ்காட்லாந்து முன்னோரைத் தேடத் தொடங்குகிறவர்களுக்கு

என் அம்மாவின் தாத்தா ஸ்காட்லாந்திலிருந்து இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்த ஒரு துரை. அவரைப் பற்றி வீட்டில் மிஞ்சியிருந்தவை மூன்று: ஒரு முழுப்பெயர், "ஃபோர்ஃபார்" என்ற ஊர்ப்பெயர், ஃபேக்டரி வாசலில் தொப்பியைக் கையில் பிடித்தபடி அவர் நிற்கும் ஒரு படம். இவற்றை வைத்துக்கொண்டு தேடப் புறப்பட்ட நான், முதல் எட்டு மாதம் வேறொரு குடும்பத்தின் பின்னால் போய்க்கொண்டிருந்தேன். அதே பெயர், அதே வட்டாரம், மூன்று வயது வித்தியாசம். ஆள் மட்டும் வேறு. எப்படித் திரும்பி வந்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன், அந்த எட்டு மாதம் உங்களுக்கும் வீணாகிவிடாதபடி, எதை எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன்.

நீலகிரி, வால்பாறை, ஹட்டன், நுவரெலியா பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் இப்படி ஒரு ஸ்காட்லாந்துப் பெயர் இருக்கிறது. அப்படி எதுவும் இல்லாமல், வரலாற்று ஆர்வத்தால் மட்டும் இதைப் படிக்கிறவர்களும் இருப்பீர்கள். தேடும் முறை எல்லோருக்கும் ஒன்றுதான்.

முதலில் ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்காட்லாந்துப் பெண்கள் கல்யாணமான பிறகும் ஆவணங்களில் தங்கள் பிறந்த வீட்டுப் பெயரை இழப்பதில்லை. பிள்ளையின் பிறப்புப் பதிவிலும் திருமணப் பதிவிலும் இறப்புப் பதிவிலும் தாயின் கன்னிப்பெயர் எழுதப்பட்டிருக்கும். கல்லறைக் கல்லில்கூடப் பல இடங்களில் அதே பெயரைத்தான் பார்க்கலாம். இங்கிலாந்தில் இப்படி இல்லை. அங்கே 2021 வரை திருமணப் பதிவில் மணமக்களின் தகப்பன்மார் பெயர் மட்டும்தான். ஸ்காட்லாந்தில் ஆயிரம் ஜான் ஸ்மித்துகள் இருந்தாலும், ஜான் ஸ்மித்துக்கும் கிறிஸ்டியன் ஓகில்வி என்ற பெண்ணுக்கும் பிறந்தவன் என்று சேர்த்துத் தேடினால் ஒருவரோ இருவரோதான் மிஞ்சுவார்கள். அதனால் ஒவ்வொரு படியிலும் தாயின் பிறந்த வீட்டுப் பெயரைக் கண்டுபிடித்த பிறகே அடுத்த படிக்குப் போங்கள்.

வீட்டிலிருந்து தொடங்குங்கள்

தெரிந்ததிலிருந்து தெரியாததை நோக்கிப் போக வேண்டும். நாம் பெரும்பாலும் தலைகீழாகத்தான் தொடங்குகிறோம். "எங்கள் குடும்பப் பெயர் கேம்பல், ஆகவே ஆர்கைல் பிரபுவின் வம்சம்" என்று 1600க்குப் போய் அங்கிருந்து கீழே இறங்கப் பார்த்தால் ஒன்றும் கிடைக்காது. உங்கள் பாட்டியில் தொடங்கி, ஒவ்வொரு தலைமுறையாக மேலே ஏறுங்கள்.

வீட்டில் இருக்கிற வயதானவர்களிடம் இந்த வாரமே உட்கார்ந்து பேசுங்கள். அவர்கள் சொல்வதை ஃபோனில் பதிவு செய்யுங்கள். பைபிளின் முதல் பக்கங்கள், ஞானஸ்நானச் சீட்டு, பழைய கடித உறை, கல்லறைப் படம் எதையும் தள்ளிவிடாதீர்கள். மலைநாட்டுத் தேவாலயக் கல்லறைகளில் பிறந்த ஊரையும் வயதையும் செதுக்கிய கற்கள் உண்டு.

ஊர்ப்பெயரில் ஒரு பொறி இருக்கிறது. நான் விழுந்தது அதில்தான். ஃபோர்ஃபார் என்பது ஒரு ஊர். அந்த ஊரைத் தலைநகராகக் கொண்ட கவுண்டியும், அதாவது மாவட்டமும், ஃபோர்ஃபார்ஷயர்தான். 1928இல்தான் ஆங்கஸ் என்ற பெயரை அதிகாரபூர்வமாக ஏற்றார்கள். தாத்தா "ஃபோர்ஃபார்" என்று சொன்னது ஊரையா கவுண்டியையா என்று நான் யோசிக்கவே இல்லை. இதேபோல் பழைய எல்ஜின்ஷயர் இன்று மோரே, ஹாடிங்டன்ஷயர் கிழக்கு லோத்தியன், லின்லித்கோஷயர் மேற்கு லோத்தியன். ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் பழைய வரைபடங்கள் இலவசமாக இருக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆர்ட்னன்ஸ் சர்வே (அரசு நில அளவை) வரைபடத்தில் ஒரு தனிப் பண்ணை வீட்டின் பெயர்கூடத் தெரியும். தேடும்போதெல்லாம் அதைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே தேடுவது, எவ்வளவு செலவாகும்

ஸ்காட்லாந்து தேசிய ஆவண அலுவலகம் நடத்தும் "ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிள்" இணையதளம்தான் தலைவாசல். பிறப்பு, திருமணம், இறப்பு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பாரிஷ் எனப்படும் தேவாலயப் பகுதிகளின் ஏடுகள், உயில்கள் எல்லாவற்றின் அசல் படங்களும் அங்கே இருக்கின்றன. கணக்கு தொடங்குவதற்கும், பெரும்பாலான அட்டவணைகளில் பெயர் தேடுவதற்கும் காசில்லை. அசல் பக்கத்தின் படத்தைத் திறக்கத்தான் கிரெடிட் வாங்க வேண்டும். நான் தேடியபோது 30 கிரெடிட் 7.50 பவுண்ட் என்ற கணக்கில், ஒரு பதிவின் படத்துக்கு 6 கிரெடிட், அதாவது ஒன்றரை பவுண்ட் ஆயிற்று. ஒருமுறை வாங்கிய படம் உங்கள் கணக்கிலேயே இருக்கும்.

நம் பணத்துக்கு மாற்றிப் பார்த்தால் ஒவ்வொரு படமும் யோசித்துத்தான் வாங்க வேண்டிய விலை. ஆகவே இலவசமாகக் கிடைப்பதை முதலில் பாருங்கள். ஃபேமிலிசர்ச் தளத்தில் ஞானஸ்நான, திருமண அட்டவணைகள் இருக்கின்றன. ஃப்ரீசென் தளத்தில் தன்னார்வலர்கள் எழுத்துப்பெயர்த்த கணக்கெடுப்புத் தாள்கள் இருக்கின்றன, எல்லா ஊருக்கும் இல்லையென்றாலும். இவற்றில் ஆளை அடையாளம் கண்ட பிறகு அசல் படத்தை வாங்குங்கள். வாங்காமல் மட்டும் விட்டுவிடாதீர்கள். எழுத்துப்பெயர்த்தவர் தவறாகப் படித்திருக்கலாம், ஓரத்தில் இருந்த குறிப்பை விட்டிருக்கலாம்.

இணையத்தில் படம் பார்க்கக் கால வரம்பு உண்டு: பிறப்புக்கு 100 ஆண்டு, திருமணத்துக்கு 75, இறப்புக்கு 50. அதற்குள் வரும் பதிவுகளுக்குச் சான்றிதழ் நகல் கேட்டு வாங்கலாம்.

தேடும் பெட்டியில் எழுத்துக்கூட்டலை நம்பாதீர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு முன் எழுதுகிறவர் காதில் எப்படி விழுந்ததோ அப்படித்தான் பெயர். மெக், மாக் இரண்டும் கலந்து வரும். சந்தேகமான எழுத்துகள் இருக்குமிடத்தில் நட்சத்திரக்குறி போட்டுத் தேடுங்கள். முதற்பெயர்களும் மாறும்: எலிசபெத்தும் எல்ஸ்பெத்தும் ஒருவராக இருக்கலாம், ஜீன், ஜேன், ஜேனட், ஜெஸ்ஸி ஒன்றுக்கொன்று மாறி வரும், டொனால்டு டேனியல் ஆவான், பேட்ரிக் பீட்டர் ஆவான்.

1855

இந்த ஆண்டை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். 1855 ஜனவரி 1 முதல் ஸ்காட்லாந்தில் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் அரசு பதிவு செய்வது கட்டாயமானது. அதற்கு முன் இருப்பவையெல்லாம் தேவாலய ஏடுகள்.

அந்த முதல் ஆண்டில் பதிவாளர்கள் கேட்ட கேள்விகளைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். பிறப்புப் பதிவில் தாய் தகப்பனின் வயது, அவர்கள் பிறந்த ஊர், கல்யாணமான நாளும் இடமும், குழந்தைக்கு முன் பிறந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் இருப்பவர் எத்தனை, இறந்தவர் எத்தனை என்று எல்லாம் இருக்கும். இறப்புப் பதிவில் இறந்தவரின் பிள்ளைகள் அத்தனை பேரின் பெயரும் வயதும், அடக்கம் செய்த இடமும் இருக்கும். வேலை மலைபோலக் குவிந்ததால் 1856இலேயே பலவற்றைக் கைவிட்டுவிட்டார்கள். பெற்றோரின் திருமண நாளும் இடமும் 1861இல் பிறப்புப் பதிவுக்குத் திரும்பி வந்தன. 1856 முதல் 1860 வரையிலான இறப்புப் பதிவில் கணவன் அல்லது மனைவியின் பெயரைத் தேடி ஏமாறாதீர்கள், அந்த ஐந்து ஆண்டும் அதற்கு இடமே இல்லை.

உங்கள் நேர் முன்னோர் 1855இல் பிறக்கவோ இறக்கவோ இல்லையென்றால் கவலை வேண்டாம். அவருடைய தம்பி தங்கை யாராவது பிறந்தார்களா, சித்தப்பா யாராவது இறந்தாரா என்று பாருங்கள். நேர்க்கோட்டில் மட்டும் தேடுகிறவர்கள் பாதியில் நின்றுவிடுகிறார்கள். பக்கத்துக் கிளைகளையும் பார்க்கிறவர்களுக்குத்தான் வழி கிடைக்கிறது.

இறப்புப் பதிவை நான் பெரிதாக மதிப்பதற்கு ஒரு காரணம் உண்டு. 1780இல் பிறந்த ஒரு கிழவி 1860இல் இறந்திருந்தால், அவளுடைய இறப்புப் பதிவில் அவளுடைய தாயின் பிறந்த வீட்டுப் பெயர் இருக்க வேண்டும். ஒரே தாளில் எண்பது ஆண்டு பின்னே போய்விடலாம். கல்யாணமான பெண்ணின் இறப்பு, அட்டவணையில் கணவன் வீட்டுப் பெயரிலும் பிறந்த வீட்டுப் பெயரிலும் இருக்கும். ஆனால் தகவல் சொன்னவர் யார் என்ற கட்டத்தைப் பார்க்காமல் எதையும் நம்பாதீர்கள். மகள் சொன்னது ஒன்று, பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது வேறு. பெருக்கல் குறியும் "இன்னாரின் குறி" என்ற சொற்களும் இருந்தால், அவருக்கு எழுதத் தெரியாது என்று பொருள். பதிவாளர் எழுதியது சரியா என்று அவரால் படித்துப் பார்த்திருக்க முடியாது.

ஓரத்தில் "திருத்தப்பட்ட பதிவேடு" என்ற குறிப்பு இருந்தால் அந்தப் பக்கத்தையும் கட்டாயம் பாருங்கள். திடீர் மரணத்தை விசாரித்த அரசு வழக்கறிஞர் என்ன முடிவு சொன்னார், திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தைக்குத் தகப்பன் யாரென்று நீதிமன்றம் எப்படித் தீர்த்தது என்பதெல்லாம் அங்கேதான் வரும்.

கணக்கெடுப்புத் தாள்கள்

பிறப்பும் இறப்பும் தனி ஆளைக் காட்டும். கணக்கெடுப்பு ஒரு வீட்டையே திறந்து காட்டும். ஒரு குறிப்பிட்ட ஞாயிறு இரவு அந்த வீட்டில் யார் யார் படுத்திருந்தார்கள் என்பதுதான் அதன் கேள்வி. 1801 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை நடந்தாலும், ஆட்களின் பெயரோடு நாடு முழுவதற்கும் கிடைப்பது 1841 முதல்தான். 100 ஆண்டு மூடிவைக்கும் விதிப்படி இப்போது 1921 வரை திறந்திருக்கிறது. ஸ்காட்லாந்தின் 1931 தாள்கள் பத்திரமாக இருக்கின்றன. இங்கிலாந்தின் தாள்கள் 1942இல் தீயில் போய்விட்டன.

1921இல் தொடங்கிப் பின்னே போங்கள். 1841இல் நிதானமாக நடக்க வேண்டும். அந்த ஆண்டு ஜூன் 6ஆம் தேதி எடுத்த கணக்கில், பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்குக்குக் கீழே இறக்கி எழுதச் சொன்னார்கள். 44 வயதுக்காரர் 40 ஆகிவிடுவார். யார் யாருக்கு என்ன உறவு என்பதும் எழுதப்படவில்லை. ஒரே வீட்டில் 40 வயது ஆணும் 35 வயதுப் பெண்ணும் இருந்தால் கணவன் மனைவி என்று முடிவு கட்டிவிடாதீர்கள், அண்ணன் தங்கையாகவும் இருக்கலாம். பிறந்த ஊருக்குப் பதில் இந்தக் கவுண்டியா இல்லையா என்பது மட்டும்தான் இருக்கும். வெளியே பிறந்தவர்களை இங்கிலாந்து, அயர்லாந்து, அந்நிய நாடு என்று ஓரெழுத்தால் குறித்தார்கள். பெயர்களுக்கிடையே ஒற்றைச் சாய்கோடு ஒரு குடும்பத்தின் முடிவு, இரட்டைச் சாய்கோடு ஒரு வீட்டின் முடிவு. ஃபைஃப் கவுண்டியில் கூப்பர், கிர்க்கால்டி உள்பட்ட சில பாரிஷ்களின் 1841 தாள்கள் தொலைந்தே போய்விட்டன.

1851 முதல் உறவு, திருமண நிலை, தொழில், பிறந்த பாரிஷ் எல்லாம் வந்துவிடும். பிறந்த பாரிஷ்தான் நமக்குப் பொக்கிஷம். அடுத்து எந்த ஏட்டைத் திறக்க வேண்டும் என்பதை அதுதான் சொல்லும். ஒரே ஆள் 1851இல் ஒரு ஊரையும் 1871இல் பக்கத்து ஊரையும் சொல்லியிருப்பார். எல்லா ஆண்டுகளையும் எடுத்து அருகருகே வைத்துப் பாருங்கள். வயதும் அப்படித்தான், பத்தாண்டில் ஏழு வயதே கூடிய பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

நான் மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பது 1861 முதல் வரும் ஒரு கட்டத்தை. சன்னல் உள்ள அறைகள் எத்தனை என்று கேட்டு எழுதினார்கள். டண்டீ நகரத்துச் சணல் ஆலைகளுக்கு வங்காளத்திலிருந்து சணல் போய்க்கொண்டிருந்த காலம். அந்த ஆலைத் தெருக்களின் தாளைத் திறந்தால் தாயும் மகள்களும் ஆலை வேலை, கீழே ஒரு கைக்குழந்தை, ஒண்டிக்குடியாக இருவர், கடைசிக் கட்டத்தில் "1" என்று வரும் வீடுகளைப் பார்க்கலாம். அத்தனை பேருக்கும் சன்னல் வைத்த அறை ஒன்றே ஒன்று. அந்த ஒற்றை எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் தோட்டத்து லயன் அறைகள் எனக்கு ஞாபகத்துக்கு வரும்.

1881 முதல் கேலிக் மொழி பேசுகிறவரா என்ற கேள்வி வந்தது. 1911இல் மணமாகி எத்தனை ஆண்டு, எத்தனை பிள்ளை பிறந்தது, எத்தனை பிள்ளை இருக்கிறது என்று மணமான பெண்களைக் கேட்டார்கள். இரண்டு எண்களுக்கும் இடையிலான வித்தியாசம், நீங்கள் தேடிப்போக வேண்டிய குழந்தை இறப்புகளின் கணக்கு. ஒரு வீட்டைக் கண்டுபிடித்தால் முந்தைய பக்கத்தையும் அடுத்த பக்கத்தையும் படியுங்கள். மாமனார் வீடு பெரும்பாலும் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கும்.

பாரிஷ் ஏடுகள்

கத்தோலிக்கர்கள் பங்கு என்கிறோமே, அதுபோன்ற தேவாலய எல்லைதான் பாரிஷ். 1855க்கு முன் ஸ்காட்லாந்துத் திருச்சபையின் போதகரோ உபதேசியாரோ எழுதி வைத்த ஏடுகள் 900க்கும் மேற்பட்ட பாரிஷ்களிலிருந்து கிடைக்கின்றன. மிகப் பழையது பெர்த்ஷயரின் எர்ரல் பாரிஷில் 1553இல் தொடங்குவது. எல்லாம் இப்படி இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். மேட்டுநிலத்திலும் மேற்குத் தீவுகளிலும் பல ஏடுகள் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியிலோ அதற்குப் பிறகோதான் தொடங்குகின்றன.

ஒரு நல்ல பதிவு எப்படி இருக்கும் என்பதற்கு எல்லோருக்கும் தெரிந்த ஒருவருடையதையே காட்டுகிறேன். ஏர் என்ற ஊரின் பாரிஷ் ஏட்டில், 1759: அல்லோவேயில் இருக்கும் வில்லியம் பர்ன்ஸுக்கும் அவர் மனைவி ஆக்னஸ் பிரவுனுக்கும் சட்டப்படி பிறந்த மகன் ராபர்ட் பர்ன்ஸ், பிறந்தது ஜனவரி 25, ஞானஸ்நானம் 26, கொடுத்தவர் வில்லியம் டால்ரிம்பிள், சாட்சிகள் ஜான் டென்னன்ட், ஜேம்ஸ் யங். ஸ்காட்லாந்தின் தேசியக் கவியின் பிறப்பு இந்த இரண்டு வரிதான். இதில் எத்தனை இருக்கிறது பாருங்கள். தாயின் பிறந்த வீட்டுப் பெயர் இருக்கிறது. "சட்டப்படி" என்ற சொல் பெற்றோர் மணமானவர்கள் என்கிறது; "இயற்கையான மகன்" என்று வந்திருந்தால் மணமாகாதவர்கள். குடும்பப் பெயரை எழுதியவர் தன் ஊர் வழக்கப்படி எழுதிவிட்டார். தகப்பன் கின்கார்டின்ஷயரிலிருந்து வந்தவர், அவர் எழுதிய முறையில் பெயர் பர்னெஸ். பர்ன்ஸ் என்று மட்டும் தேடிக்கொண்டிருந்தால் அவருடைய தகப்பனாரின் ஊருக்கு நீங்கள் போய்ச் சேரவே முடியாது. சாட்சிகளையும் குறித்துக்கொள்ளுங்கள், பல நேரம் அவர்கள் மாமன், சித்தப்பன், பக்கத்துப் பண்ணைக்காரர்.

திருமணப் பதிவு என்று நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் ஓலை வாசித்த குறிப்பு, அதாவது கல்யாணத்துக்கு முன் தேவாலயத்தில் எல்லோருக்கும் அறிவித்த குறிப்பு. மாப்பிள்ளையும் பெண்ணும் வெவ்வேறு பாரிஷ் என்றால் இரண்டு கோயிலிலும் ஓலை வாசித்திருப்பார்கள், இரண்டு ஏட்டிலும் பதிவு இருக்கும். ஒன்றில் இல்லாத ஊர்ப்பெயர் இன்னொன்றில் கிடைக்கும். தேதி ஓலைக்குரியது, கல்யாண நாள் வேறாக இருக்கலாம். அடக்கப் பதிவுகள் மிகக் குறைவு. கிடைக்கிற இடங்களிலும் சவப்பெட்டிமேல் போர்த்தும் துணிக்கு வாடகை கட்டிய வரவுக் குறிப்பாகத்தான் பல இருக்கும். அந்தப் பணம் ஏழைகளுக்குப் போயிற்று.

பதிவு இல்லையென்றால் ஆளே இல்லை என்று நினைக்காதீர்கள். பதிவது அப்போது கட்டாயமில்லை. 1783 முதல் 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்ஸ் வரி இருந்தது. பரம ஏழைகளுக்கு மட்டும் விலக்கு. கூலிக்காரர்கள் பலர் பதியாமலே விட்டார்கள். திருச்சபையிலிருந்து 1733 தொடங்கிப் பல பிரிவுகள் கிளைத்தன. 1843இல் நானூற்றுக்கும் மேற்பட்ட போதகர்கள் வெளியேறி ஃப்ரீ சர்ச் அமைத்தார்கள். 1843க்கும் 1854க்கும் இடையில் பிறந்த பிள்ளை பாரிஷ் ஏட்டில் இல்லையென்றால் என் முதல் சந்தேகம் ஃப்ரீ சர்ச்சின் மேல்தான். கத்தோலிக்க ஏடுகளுக்கும் மற்றத் திருச்சபை ஏடுகளுக்கும் அதே இணையதளத்தில் தனித் தேடல் இருக்கிறது.

பேரன் என்றால் பெயரன்

தாத்தா பெயரைத் தாங்குகிறவன் பேரன் என்பது நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஸ்காட்லாந்திலும் அதே வழக்கம் இருந்தது. மூத்த மகனுக்குத் தகப்பனின் தகப்பன் பெயர், இரண்டாவது மகனுக்குத் தாயின் தகப்பன் பெயர், மூன்றாவது மகனுக்குத் தகப்பன் பெயர். மூத்த மகளுக்குத் தாயின் தாய், இரண்டாவது மகளுக்குத் தகப்பனின் தாய், மூன்றாமவளுக்குத் தாய்.

மறுபடி பர்ன்ஸ் வீட்டுக்கே போவோம். தகப்பனின் தகப்பன் ராபர்ட், தாயின் தகப்பன் கில்பர்ட். மகன்கள் பிறந்த வரிசை: ராபர்ட், கில்பர்ட், வில்லியம். அச்சுப் பிசகவில்லை. மகள்களுக்கு வாருங்கள்: ஆக்னஸ், அன்னபெல்லா, இசபெல்லா. தகப்பனின் தாய் இசபெல்லா கீத். அவள் பெயர் இரண்டாவதாக வந்திருக்க வேண்டும், மூன்றாவதாகத்தான் வந்தது. ஆகவே இந்த வழக்கம் ஒரு துப்பு, சாட்சியம் அல்ல. தாத்தாவின் பெயர் என்னவாக இருக்கலாம் என்று ஊகிக்கலாம்; ஏடு உறுதி செய்தால்தான் எழுதிக்கொள்ள வேண்டும்.

இந்த வழக்கம் தொல்லையும் தரும். ஒரு தாத்தாவுக்கு நான்கு மகன்கள் என்றால் நால்வரும் தம் மூத்த பையனுக்கு அவர் பெயரையே வைப்பார்கள். ஒரே பாரிஷில், ஒரே பத்தாண்டில், ஒரே பெயரில் நான்கு பேர். குழந்தை இறந்துபோனால் அதே பெயரை அடுத்த குழந்தைக்கு வைப்பதும் உண்டு. வடகிழக்குக் கரையில் பக்கி போன்ற மீன்பிடி ஊர்களில் ஊரே இரண்டு மூன்று குடும்பப் பெயருக்குள் அடங்கிவிடும் என்பதால் ஆளுக்கொரு பட்டப்பெயர் இருந்தது, அது பதிவேடுகளிலும் ஏறியிருக்கிறது. பட்டப்பெயரைக் கண்டால் விடாதீர்கள்.

கிர்க் செஷன் ஏடுகள்

பாரிஷ் தேவாலயத்தின் மூப்பர் சபைக்குக் கிர்க் செஷன் என்று பெயர். ஊர்ப் பஞ்சாயத்து மாதிரி அது ஒழுக்கத்தை விசாரித்தது, ஏழைகளுக்குப் பணம் கொடுத்தது, எல்லாவற்றையும் எழுதி வைத்தது. ஞானஸ்நான ஏட்டில் தகப்பன் பெயர் இல்லாத குழந்தைக்கு இங்கே பதில் கிடைக்கலாம். தாயைக் கூப்பிட்டு நிறுத்தி யாரென்று கேட்டிருப்பார்கள். மாக்லின் ஊரில் பர்ன்ஸே 1786இல் தேவாலயத்தில் எல்லோர் முன்னும் நின்று கண்டனம் வாங்கியவர். 1788 ஆகஸ்ட் 5ஆம் தேதிக் குறிப்பில் அவரும் ஜீன் ஆர்மரும் தங்கள் முறைசாராத் திருமணத்தை ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்ததும், ஏழைகளுக்கு ஒரு கினி கொடுத்ததும் இருக்கின்றன. சாட்சி முன்னிலையில் நீயும் நானும் கணவன் மனைவி என்று சொல்லிக்கொண்டாலே திருமணம் என்பது ஸ்காட்லாந்தில் 1940 வரை சட்டம். போதகரும் ஏடும் இல்லாத அந்தக் கல்யாணங்களின் தடயம் மூப்பர் சபைக் குறிப்பில்தான் மிஞ்சும்.

இந்த ஏடுகளுக்குப் பெயர் அட்டவணை இல்லை. பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். புரட்டிப் பார்க்க ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிளில் காசில்லை. குழந்தை பிறந்த தேதிக்கு முன்னும் பின்னும் ஆறு ஆறு மாதம் என்று எடுத்துக்கொண்டு படியுங்கள். அந்தப் பெண்கள் பட்ட அவமானம் அதே எழுத்தில் அப்படியே இருக்கிறது. நம் குடும்பத்துப் பெண் என்ற மரியாதையோடு படியுங்கள்.

எழுத்து முதலில் மிரட்டும். 1700க்கு முந்தையது தனிப் பயிற்சி கேட்கும். ஆகவே 1850இல் தொடங்கிப் பின்னே பழகுங்கள். அதே எழுத்தர் எழுதிய மாதப் பெயர்களை வைத்து அவருடைய எழுத்துகளை அடையாளம் கண்டுகொள்ளலாம். பழைய எழுத்து ஒன்று பின்னாளில் அச்சில் இசட் ஆகிவிட்டதால்தான் மென்சீஸ் என்று எழுதி மிங்கிஸ் என்று சொல்கிறார்கள். "ரெலிக்ட்" என்றால் விதவை, "அம்க்வைல்" என்றால் காலஞ்சென்ற. தேதியில் ஒரு வசதி: ஸ்காட்லாந்து 1600இலேயே ஜனவரி 1ஐப் புத்தாண்டாக்கிவிட்டது. இங்கிலாந்து அதற்கு வந்தது 1752இல்தான், ஆகவே இரு நாட்டு ஏடுகளையும் ஒப்பிடும்போது ஜனவரி முதல் மார்ச் வரை ஆண்டு ஒன்று மாறித் தெரியும்.

கடல் கடந்து வந்தவர்கள்

இங்கே வந்தவரின் இங்கத்திய ஆவணத்தையும் அங்கத்திய ஆவணத்தையும் சேர்த்து வைத்தால்தான் ஆள் முழுமையாவார். இலங்கையின் லூல்கந்துர தோட்டத்தில் 1867இல் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரை எடுத்துக்கொள்ளுங்கள். 1835இல் கின்கார்டின்ஷயரின் ஆக்கன்பிளே பக்கம் பிறந்தவர், 1852இல் கொழும்பில் இறங்கியவர், 1892இல் இறந்து கண்டி மஹய்யாவையில் அடக்கமானவர். இந்த ஆண்டுகளை வைத்தே எந்த ஏட்டைத் திறப்பது என்று சொல்லிவிடலாம்: பிறப்புக்கு பாரிஷ் ஏடு, ஆறு வயதுப் பையனாக 1841 கணக்கெடுப்பு, கப்பலேறுவதற்கு முன் 1851 மார்ச் 30ஆம் தேதிக் கணக்கெடுப்பு. அதற்குப் பிறகு ஸ்காட்லாந்துத் தாளில் அவரைத் தேடிப் பயனில்லை. உங்கள் ஆளுக்கும் இப்படி ஒரு காலக்கோடு போட்டுக்கொண்டு தேடுங்கள்.

இந்தியாவுக்கு வந்தவர்களுக்கு லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஏடுகள் இருக்கின்றன. சென்னை மாகாணத் தேவாலயங்களின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் பிரதிகள் அங்கே போய்ச் சேர்ந்தன. எழும்பூரில் 1821இல் திறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க் ஸ்காட்லாந்துத் திருச்சபையினருக்கென்றே கட்டியது. இலங்கை முடியரசின் நேரடிக் காலனி, ஆகவே அந்த ஏடுகளில் தேடாமல், இலங்கைப் பதிவாளர் நாயகத் திணைக்களத்தையும் தோட்டத்துக்கு அருகிலிருந்த தேவாலயத்தையும் நாடுங்கள். துரைமார் தம் பிள்ளைகள் என்று ஒப்புக்கொள்ளாத பிள்ளைகள் மலைநாட்டில் உண்டு. தகப்பன் கட்டம் காலியாக இருக்கும் அந்தக் குடும்பங்களுக்கு மரபணுச் சோதனை ஒன்றே வழியாக இருக்கலாம்.

என் தேடலை முடித்து வைத்தது உயில்தான். வெளிநாட்டில் இறந்த ஸ்காட்லாந்துக்காரருக்கு ஸ்காட்லாந்தில் வங்கிப் பணமோ பங்குப் பத்திரமோ இருந்தால், அந்தச் சொத்துக் கணக்கும் உயிலும் எடின்பரோ நீதிமன்றத்தில் பதிவாகும். 1925 வரையிலானவற்றை ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிளில் பெயர் போட்டுத் தேடலாம். தாத்தாவின் பெயர் போட்டதும் தோட்டத்தின் பெயரோடு ஒரே ஒரு பதிவு வந்தது. அதில் ஐம்பது பவுண்டை, கிரிமியூரில் வாழ்ந்த தன் அக்காவுக்கு எழுதியிருந்தார், அவளுடைய கல்யாணப் பெயரைச் சொல்லி. கிரிமியூர் ஃபோர்ஃபார்ஷயரில்தான் இருக்கிறது, ஆனால் ஃபோர்ஃபார் ஊர் அல்ல. அக்காவின் இறப்புப் பதிவை வாங்கினேன், ஆறு கிரெடிட். தகவல் சொன்னவர் அவளுடைய மகன். தாயின் பெயர் கட்டத்தில் பிறந்த வீட்டுப் பெயர் தெளிவாக எழுதப்பட்டிருந்தது. எட்டு மாதமாக நான் தாத்தா என்று நினைத்துக்கொண்டிருந்த ஃபோர்ஃபார் ஊர்ப் பையனின் தாய்க்கு வேறு பெயர். அவன் பெரியப்பா மகன், அதே பாட்டனாரின் பெயரைத் தாங்கிய இன்னொருவன். கிரிமியூர் பாரிஷ் ஏட்டை எடுத்து, அந்தத் தாயின் பெயரோடு தேடினேன். அக்காவுக்கு மூன்று வரி கீழே, அடுத்த வேனிலில், எங்கள் தாத்தா இருந்தார்.